பெயர் நாலெழுத்து, பட்டம் நாற்பது

நிதி ஆலோசகர் என்றொரு இனம் உண்டு. உங்கள் பணத்தைப் பற்றிப் பேசுமுன் தன்னைப் பற்றிப் பேசி முடிப்பது அந்த இனத்தின் சுபாவம். நம்முடைய ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டில் பெயர் நாலெழுத்துதான். பின்னால் வரும் பட்டங்களோ விளிம்பில் முட்டி, மறுபக்கம் திரும்பி, அங்கேயும் இடம் போதாமல் மூச்சு வாங்கும். இருபத்தாறு வருட அனுபவமாம். வயது முப்பத்தெட்டு. எப்படி? பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு வசூலித்த நாளிலிருந்து எண்ணுகிறார்! தண்ணீர் வடிகட்டி விற்றது 'பணப்புழக்க மேலாண்மை'. மச்சானோடு கடை வைத்துக் கவிழ்ந்தது 'இடர் ஆய்வு'.

ஒருநாள் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், முப்பது வருடச் சேமிப்பை எங்கே போடுவதென்று தெரியாமல் அவரிடம் வந்தார்.

"உக்காருங்கம்மா. முதல்ல என் பின்னணியச் சொல்லிடறேன்."

முக்கால் மணி நேரம் சொன்னார். கேட்டுக் கேட்டுக் கால் மரத்துப்போன நர்ஸம்மா எழுந்து, சுவரில் வரிசையாகத் தொங்கிய சான்றிதழ்களைப் படிக்கத் தொடங்கினார். ஆலோசகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். இதுவரை யாரும் அவற்றைப் படித்ததில்லை. மாட்டுவது படிப்பதற்கா?

"தம்பி, இது ரத்ததான முகாம்ல குடுத்ததாச்சே?"

"அது வந்து... சமூக முதலீடும்மா."

"கையெழுத்து என்னோடது. ஊசியப் பாத்ததும் மயங்கி என் மேலயே விழுந்தீங்க. ஒரு சொட்டு எடுக்கல. அழுதீங்களேன்னு பாவப்பட்டுக் குடுத்தேன்."

ஆலோசகரின் முகம் வெளுத்தது. ஒரே நொடிதான்.

"அப்ப நீங்க அன்னிக்கே என்னை நம்பியிருக்கீங்க!"

நர்ஸம்மா சிரித்தார், புரையேறித் தண்ணீர் கேட்குமளவு சிரித்தார். குடித்துவிட்டுக் கேட்டார்:

"சரி, உங்க சொந்தப் பணத்த எதுல போட்டிருக்கீங்க?"

"அதெல்லாம்... என் சம்சாரம் பாத்துக்கறாங்க. என் கையில குடுக்க மாட்டாங்க."

"அவங்க நம்பரச் சொல்லுங்க."

ஆலோசகர் கூரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். அவர் தொழில் வாழ்க்கையிலேயே பிறருக்குப் பயன்பட்ட முதல் ஆலோசனை அதுதான்.

பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்துகூட இல்லாத அந்த மனைவி பத்தே நிமிடத்தில் விஷயத்தை முடித்தார்: "அக்கா, பாதிய பேங்க்ல போட்டு வட்டி வாங்குங்க. மீதிய எதுலயும் அவசரப்பட்டுப் போடாதீங்க. முக்கியமா, எங்க வீட்டுக்காரர் சொல்றதுல."

ஆலோசகர் அசரவில்லை. மறுவாரமே வாசல் பலகையில் புதுவரி ஏறியது: 'நம்பகமான குடும்ப நிறுவனம்.'

சிரிக்கிறீர்களா? நல்லது. கடைசியாக வேலைக்கு விண்ணப்பித்தபோது உங்களைப் பற்றி நீங்களே எழுதிய அந்த இரண்டு பக்கங்களை எடுத்து வாசியுங்கள். கதவைச் சாத்திக்கொள்வது நல்லது.