மலையில் என் மகன் பார்க்கும் உத்தியோகம்

பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று தெரியாத தாய் பொய் சொல்லுவாள். தெரிந்த தாய் அதைவிடப் பெரிய பொய் சொல்லுவாள். நான் இரண்டாவது வகை.

என் கடைக்குட்டி ரூபன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்னோபோர்ட் ஓட ஆல்ப்ஸ் மலைக்குப் போனான் (ஒரு பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு மலையிலிருந்து விழுவது. வேண்டுமென்றே). ஜெர்மனியில் எங்கள் டோர்ட்மண்ட் வீட்டில் அவன் கட்டில் விரித்தபடியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கென்று ஒரு கோழிக்கால் எடுத்து வைப்பேன். திங்கட்கிழமை நானே தின்பேன். ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தால் திரும்பி வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில், சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது, கலியாண வயதில் மகள் வைத்திருந்த செல்வராசா அண்ணை கேட்டார்: "மகன் என்ன செய்யிறார்?"

"மலையிலை அரசாங்க உத்தியோகம் அண்ணை. அவரின்ரை பொறுப்பிலை முப்பது பேர்."

(முப்பது பேருக்கும் ஐந்து வயது.)

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். மாப்பிள்ளையை வேலையிடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பார்கள். மாசியில் அண்ணையும் பெண்சாதியும் காரோடு வந்து என்னையும் ஏற்றினார்கள். மகனுக்குச் செய்தி போகக்கூடாதென்று என் போன் அந்த அக்காவின் கைப்பையில்.

போய்ப் பார்த்தால், ரூபன் பனிச்சரிவின் அடியில் ஒரு கடை வாசலில், வாடகைச் சப்பாத்துக் குவியலுக்கு நடுவே குந்தியிருந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் மணம் போக மருந்து அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அரசாங்க ஆபீஸ் எங்கை?" என்றார் அண்ணை.

"இதுதான் அங்கிள். காலமை சின்னப் பிள்ளையளுக்குப் பழக்குவன். மத்தியானம் பலகையளுக்கு மெழுகு. பின்னேரம் சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவுவன். கோடையிலை சைக்கிள்காரரை மலையாலை கூட்டிக்கொண்டு போவன்."

"அப்ப நீர் எப்ப பலகையிலை ஓடுறனீர்?"

"விடிய, சனம் வர முதல் அரை மணித்தியாலம்."

அண்ணை மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மெதுவாகப் பின்வாங்கினேன். பின்னால் ஒரு கறுப்புப் பாய் ஓடிக்கொண்டிருந்தது (பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றுகிற பாயாம்). அது என்னைத் தூக்கிக்கொண்டு போனது. சேலை, குளிர்க்கோட்டு, சொக்ஸ் போட்ட செருப்பு சகிதம், சாமி வீதியுலாப் போவதுபோல் ஏறினேன். உச்சியில் பாய் முடிந்தது. நான் முடியவில்லை. இருந்த வாக்கில் சறுக்கி, வழியில் நின்ற ஏழு பிள்ளைகளையும் வாரிக்கொண்டு, கடைசியில் அண்ணையையும் விழுத்தி அவர் மடியில்தான் நின்றேன்.

ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. சம்பந்தம் முறிந்தது.

ரூபன் என்னை மீட்பு வண்டியில் கட்டி இழுத்துப்போனான். "நான் அரசாங்கமோ அம்மா?" என்றான். மயங்கினவள்போல் கிடந்தேன். கொஞ்சத் தூரம் போனபின் ஒரு கண்ணைத் திறந்தேன்.

"எப்ப மோனை வீட்டை வருவாய்?"

"பனி கரைஞ்சா, சைக்கிள்காரர் வருமட்டும் ரெண்டு கிழமை வேலையில்லை. வந்தா நீங்கள் கலியாணக் கதை எடுப்பியள் எண்டுதான் நான் வாறேல்லை."

என் வாய்தான் என் பிள்ளையை மலையில் பிடித்து வைத்திருந்திருக்கிறது! இனிக் கலியாணக் கதையே எடுப்பதில்லை என்று வண்டியில் கட்டுண்டபடியே சத்தியம் பண்ணினேன்.

இப்போது வருடத்தில் இரண்டு கிழமை அந்தக் கட்டிலில் ஆள் இருக்கிறது. மிச்ச நாளெல்லாம் பார்த்திருப்பதுதான் என் உத்தியோகம். மார்கழியில் மழை தூறினால் ஊரே முகத்தைச் சுழிக்கும். நான் மட்டும் ஜன்னலைத் திறந்து, மலையிலும் பெய்கிறதோ, பனி கரைகிறதோ என்று தெற்கே பார்ப்பேன். உடனே மகள் தம்பிக்குப் போன் எடுப்பாள்:

"டேய், அம்மா மழைக்கு நேர்த்தி வைச்சிட்டா. கெதியா ஓடி முடி!"