சீரியலுக்கு ஃபவுல் கொடுத்தவர்

டிவி சீரியலுக்கே ஃபவுல் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பழவேற்காடு ஏரிப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறார். பெயர் விசில் நைனா. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பொங்கலுக்குக் குப்பத்து மணலில் நடக்கும் ஃபுட்பால் போட்டிக்கு அவர்தான் நிரந்தர ரெஃப்ரி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலைக் கயிற்றில் கோத்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுவார். போட்டி வருஷத்துக்கு ஒருமுறை. விசில் வருஷம் முழுக்க. கல்யாணப் பந்தியில் வறுத்த மீன் மாப்பிள்ளை வீட்டார் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தால் ஊதுவார். மீன் கூடையோடு நிற்கும் பெண்களைப் பார்த்ததும் நிறுத்தாமல் பறக்கும் திருப்பாலைவனம் பஸ்ஸின் பின்னால் ஊதிக்கொண்டே ஓடுவார். கண்டக்டர்தான் ஊதுகிறார் என்று டிரைவர் பிரேக்கைப் போடுவார். ஒருமுறை சாவு ஊர்வலத்தில், தூக்கியவர்களையே தூக்க வைக்கிறார்கள், யாரும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை என்று ஊதினார். பாடை நடுரோட்டில் நின்றுவிட்டது.

நான் அப்போது அந்தப் பக்கத்துக்கெல்லாம் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திருப்பாலைவனம். நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு ஒயர் இழுக்கக் கிளம்பியவன். நைனாவைப் பொறுத்தவரை டிவியில் வரும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. புயல் வரும் என்று செய்தியில் சொல்லி, அது வராமல் போனால் என்னைத்தான் திட்டுவார்.

இங்கே செல்வத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. குப்பத்துப் பையன், நைனாவுக்கு எதிர்வீடு. சென்னையில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடப் போனான். முழங்கால் சவ்வு கிழிந்ததும் அந்தக் கிளப் அவனை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. கிளப்தான் அப்படி என்றால், சொந்த ஊர் அதற்கு மேல். அவனுக்குப் பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வலை போடுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். செல்வத்தின் காலை வைத்துக்கொண்டு கடல் அலையில் ஃபைபர் போட்டில் நிற்க முடியாது. ஏரியில் என்றால் உட்கார்ந்தபடியே வலை வைக்கலாம். பாடு இல்லையென்றால் அவனுக்கும் அவன் அம்மா மல்லிகாவுக்கும் பிழைப்பே இல்லை.

கண்டதற்கெல்லாம் ஊதும் நைனா இதற்கு ஊதவில்லை. காரணம் ஒரு கோல். ஏதோ ஒரு பொங்கல் ஃபைனலில் செல்வம் போட்ட கோலை நைனா ஆஃப்சைடு என்றார். "கண்ணு தெரியாதவன்லாம் எதுக்கு விசிலு மாட்டிக்கினு வர்றான்?" என்று செல்வம் ஊர் முன்னால் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த சீரியல் வந்தது. கிளப்புகளில் ஆடும் ஃபுட்பால் வீரர்களின் சோக வாழ்க்கை. விளம்பரத்தைப் பார்த்த நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைத்தார். விசிலைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் போயிற்று. எனக்கு ஃபோன் வந்தது.

"டேய் கேபிளு, பந்து எங்கடா?"

"கதை இப்பதானே நைனா ஆரம்பிச்சிருக்கு."

"ஒரு வாரமா எல்லாரும் அயுதுகினே கீறாங்கடா! பொண்டாட்டி அயுவுறா, மாமியாகாரி அயுவுறா, கோல்கீப்பர் பாத்ரூம்ல குந்திகினு அயுவுறான். ஒரு கோல் போஸ்ட்டாவது காட்டச் சொல்லு!"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கதாநாயகன் ஆதவன் குடித்தான், கடன் வாங்கினான், வலிக்கு ஊசி போட்டுக்கொண்டான். அவன் நண்பன் சூதாட்டக்காரர்களிடம் மாட்டினான். இத்தனைக்கும் நடுவில் ஒருவன்கூடப் பந்தை உதைக்கவில்லை. உதைத்த ஒரே ஒரு நாளும் பந்து மெதுவாக மிதந்து போய்க்கொண்டே இருக்கையில் சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்கள். மறுநாள் பந்தைக் காணோம், கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. சோகத்தைக் கிலோக் கணக்கில் விற்கிற இந்த சீரியல்காரர்களை என்ன சொல்வது?

ஆனாலும் நைனா ஒரு நாள்கூடத் தவற விடவில்லை. திட்டிக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே திட்டினார்.

ஒரு சாயங்காலம் ஆதவனுக்கு முழங்கால் போயிற்று. கோட்டுப் போட்ட மானேஜர் அவனைக் கூப்பிட்டு, இனி உனக்கு இங்கே இடமில்லை என்றான். நைனா எழுந்தார். டிவி முன்னால் போய், அக்கம்பக்கம் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊதினார். உடைந்த ஐஸ் பெட்டி மூடியில் வெட்டி வைத்திருந்த சிவப்பு அட்டையை இடுப்பிலிருந்து உருவினார்.

"வெளிய போடா, பேமானி!"

மானேஜர் போகவில்லை. நைனா ஸ்விட்சை அணைத்தார். "போய்ட்டான்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் அவர் நைனாவே இல்லை. மறுநாள் மீன் ஏலக் கொட்டகையில் ஊர்க் கூட்டம். பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்கும் நாள். நான் பக்கத்துக் கம்பத்தில் ஏறி ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். குலுக்கலுக்கு முன்னால் யாருக்காவது வழக்கு உண்டா என்று தலைவர் கேட்டார். நைனா எழுந்தார்.

"எனக்குக் கீது. அந்த மானேஜர் மேல."

"எந்த மானேஜரு?"

"சீரியல்ல வர்றான் பாரு, கோட்டுப் போட்டவன்."

கொட்டகை சிரிப்பில் ஆடியது. நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"நைனா, அவன் இன்னா நம்ம ஊர்க்காரனா?" என்றார் தலைவர்.

"ஊர்க்காரன் இல்ல, தலைவரே. நியாயம் மட்டும் சொல்லு. காலு ஒடிஞ்சவன வெளிய தள்றது சரியா?"

சீரியலைப் பார்க்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. சிரிப்பு அடங்கி, ஆளாளுக்கு மானேஜரைத் திட்ட ஆரம்பித்தார்கள். தலைவருக்கும் சூடு ஏறிவிட்டது.

"நம்ம ஊரா இருந்தா வுடுவமா? வலையில மாட்டிக் கை போனவனுக்கு எப்பவாவது பங்கை நிறுத்தினமா? ஒடம்பு சரியில்லாதவனுக்கும் பாடு உண்டு. ஆதவனுக்கும் குடுக்கணும். இன்னாப்பா சொல்றீங்க?"

"குடுக்கணும்!" என்று அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து மல்லிகா கேட்டாள்.

"அப்ப எம்புள்ளைக்கு?"

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. தலைவர்தான் முதலில் கையை இறக்கினார்.

"அது வேற, மல்லிகா. செல்வம் ஆடப் போயி ஒடிச்சிக்கினான். தொழில்ல ஒடிஞ்சாத்தான் பங்கு."

"ஆதவன் மட்டும் எறா புடிக்கப் போயா ஒடிச்சிக்கினான்? அவனுக்கும் அதான் தொழிலு, எம்புள்ளைக்கும் அதான் தொழிலு. டிவில கீறவனுக்கு நைனா ஊதறாரு, ஊரே கை தூக்குது. எதிர்வூட்டுல நொண்டிகினு போறவன் யார் கண்ணுக்கும் தெரியல."

நைனாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. விசிலைக் கையில் எடுத்தார். கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஊதினார். தலைவரைப் பார்த்து ஊதினார். ஊர்க் கூட்டத்தில் தலைவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டுப் பேசவே யாருக்கும் தைரியம் வராது.

"தீர்ப்பு ஆயிடிச்சி, தலைவரே. இப்பதான் கை தூக்குனீங்க. அவன் பேர எய்திப் போடு."

"நைனா, குந்து. குலுக்கல் நடக்கட்டும்."

முதல் சீட்டை எடுத்தார்கள். நைனா ஊதினார். "ஃபவுலு! மறுபடியும் எடு!" அடுத்த சீட்டு. மறுபடியும் விசில். பிடுங்க வந்தவர்களிடம் சிக்காமல் கொட்டகைத் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடியபடியே ஊதினார். வெயில் ஏறியது. ஒரு சீட்டுகூடக் குலுக்கி முடியவில்லை. கடைசியில் தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார்.

"எய்துங்கப்பா செல்வம் பேர! காது பூடும் போல கீது!"

எழுதினார்கள். செல்வத்துக்குப் பாடு விழுந்தது. கூட்டத்தில் ஊதிய குற்றத்துக்காக நைனாவின் விசிலை ஊர் பறிமுதல் செய்தது. அவர் மறு பேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் செல்வம் நின்றிருந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நைனா, அப்ப அன்னிக்கு நான் போட்டது கோலுதானே?"

"பாடு வேற, கோலு வேற. ஆஃப்சைடு ஆஃப்சைடுதான், போடா!"

முதல் பாடு வந்த அன்று பிடித்த இறாலை விற்ற கையோடு செல்வம் புது விசில் ஒன்று வாங்கி, நைனாவின் படகுக் கயிற்றில் கட்டிவிட்டுப் பேசாமல் போனான் என்று கேள்விப்பட்டேன். அது உண்மைதான் என்று அவர் ஃபோன் செய்யும்போதெல்லாம் தெரிகிறது. போன வாரமும் நைனாவிடமிருந்து ஃபோன். எடுத்ததும் காதைப் பிளக்கும்படி ஒரு விசில். அப்புறம்தான் பேச்சு.

"டேய் கேபிளு, புதுசா ஒரு சீரியல் வுட்டுகிறியே, நர்சுங்க கத. அந்தப் பெரிய டாக்டர் அநியாயம் பண்றான்டா. மொதல்ல அவனத் தூக்கு. செல்வத்துக்கு இன்னிக்கிப் பாடு, எறா குடுத்தான். ஒனக்கும் எடுத்து வெச்சிக்கிறேன், வந்து துன்னுட்டுப் போ."

"சரி நைனா, தூக்கிடறேன்" என்றேன்.

கேபிள் கடையை மூடிவிட்டு நான் சென்னைக்குப் பிழைக்க வந்து வெகு காலம் ஆகிறது. அதை மட்டும் அவரிடம் சொல்லாமலே இருக்கிறேன். சொன்னால் என்னைத் திட்ட அவருக்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.