நீல டிரம்முக்குள் ஓர் ஆன்மா

பொய் சொல்வதற்கென்றே சில படிவங்களில் இடம் விட்டுவைக்கிறார்கள். 'தெரிந்த மொழிகள்' என்பது அதில் ஒன்று. ஆறு வருடங்களுக்கு முன் நான் மும்பைப் பக்கம் வாஷியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சமூக சேவை செய்யவேண்டும் என்று அங்கே ஒரு படிவத்தை நீட்டினார்கள். 'தமிழ்: சரளம்' என்று எழுதிக் கொடுத்தேன். (அதையும் ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.)

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தமிழ் மூன்று அறைக்குள் புழங்குகிற தமிழ். காபி ஆறிப்போச்சு, அப்பா குளிக்கப் போயிருக்கா, இன்னிக்கு டிரெயின் லேட்டு. இதற்கு மேல் ஒரு வாக்கியம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

என்னைத் தாராவிக்கு அனுப்பினார்கள். அங்கே பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களுக்கு, ஓவியம் வழியாக மனச்சுமையை இறக்கிவைக்கும் வகுப்பு. நடத்துபவள் மிருணாள், மராத்திக்காரி, அந்த சிகிச்சையை முறையாகப் படித்தவள். மனதில் இருப்பது தாய்மொழியில்தான் வெளியே வரும் என்று அவள் நம்பியதால், நடுவில் மொழிபெயர்க்க நான்.

"நன்றாக வரையவேண்டும் என்பதில்லை. வாய் சொல்லாததைக் கை சொல்லும். நீ மட்டும் எதையும் மாற்றாமல் சொல், போதும்" என்று வழியிலேயே ஆங்கிலத்தில் எச்சரித்தாள். நான் சற்று அலட்சியமாகச் சிரித்தேன் என்று ஞாபகம்.

வகுப்புக்கு முக்கியக் காரணம் செல்வக்கனி அக்கா. கணவர் இறந்து எட்டு மாதம். காரியம் முடிந்ததும் மெஷினில் வந்து உட்கார்ந்தவர், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். பக்கத்து மெஷின் ஜைனம்புதான் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

தங்கள் மனம் பயமில்லாமல் இளைப்பாறும் இடம் எதுவோ, அதை எல்லோரும் வரையவேண்டும் என்றாள் மிருணாள். அதற்கு ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை: சேஃப் பிளேஸ். நானும் இரண்டு வார்த்தையில் முடித்தேன்.

"எல்லாரும் உங்க பத்திரமான இடத்தை வரையுங்கோ."

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுக்கு?" என்றார் ஜைனம்பு.

"மேடம் பாக்கணுமாம்."

அரைமனதாக வரைந்தார்கள். ஸ்டீல் பீரோ. அரிசி டப்பா. தலையணை உறை. மெஷின் டிராயர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த மிருணாளின் முகம் கறுத்துக்கொண்டே போனது. "எல்லாமே மூடிய பெட்டிகள். ஒரு ஜன்னல் கூட இல்லை. இவர்களுக்குள் இவ்வளவு இறுக்கமா?" என்று என் காதில் கிசுகிசுத்தாள். நானும் துக்கமாகத் தலையாட்டினேன். பொருட்களை ஒளித்துவைக்கும் இடத்தை அல்லவா நாம் கேட்டிருக்கிறோம் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

செல்வக்கனி அக்கா ஒரு நீல டிரம் வரைந்திருந்தார். தண்ணீர் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் டிரம். அதற்கு மூடியும் போட்டிருந்தார்.

"உள்ளே என்ன இருக்கு அக்கா?"

"எங்க வீட்டுக்காரவிய சாரம் கெடக்கு."

சாரம். இந்தியில் 'சார்' என்றால் எல்லாம் போக எஞ்சும் உட்பொருள். மராத்தியிலும் அதேதான். தமிழில் மட்டும் வேறாகவா இருக்கும்? நான் மிருணாளிடம் சொன்னேன்: "அவள் கணவருடைய ஆன்மா உள்ளே இருக்கிறது."

மிருணாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அதற்குள் போகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறதா, மெதுவாகக் கேள்."

நான் மெதுவாகக் கேட்டேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தோணுததென்ன? வாரத்துக்கு ஒருக்கா தலைய உள்ள விட்டாத்தான் எட்டும். நம்ம உசரத்துக்கு அது பெரிய டிரம்மு."

"வாரம் ஒரு முறை தலையை உள்ளே விடுகிறாளாம்" என்றேன். ஒரு வார்த்தை கூட மாற்றாமல்.

மிருணாள் வெளியே ஓடிப்போய் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் சயானிலிருந்து அவளுடைய தோழி, மனநல மருத்துவர், வியர்க்க வியர்க்க டாக்சியில் வந்து இறங்கினார். அதுவரை அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு முறை உருவிக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை.

டாக்டருக்கு என் சேவையெல்லாம் தேவைப்படவில்லை. நேராக இந்தியில் கேட்டார், கணவரின் ஆன்மா டிரம்மில் இருப்பது உண்மையா என்று.

 ஜைனம்பு, என் இந்தியைவிட நாலு மடங்கு வேகமான பம்பாய் இந்தியில், "அரே மேடம், ஆத்மா நஹி. லுங்கி ஹை, லுங்கி" என்றார்.

திருநெல்வேலிப் பக்கம் லுங்கிக்குச் சாரம் என்று பெயராம். எலி கடிக்காமல் இருக்க ஓட்டை டிரம்மில் போட்டு அக்கா மூடி வைத்திருக்கிறாராம். பன்னிரண்டு பேருக்கும் இந்தி தண்ணீர்பட்ட பாடு.

"அப்ப ஏன் முதல்லயே சொல்லலை?" என்று நான் கத்தினேன். அந்த இடத்தில் கத்துவதற்கு உரிமையே இல்லாத ஒரே ஆள் நான்தான்.

"நீங்க மெனக்கெட்டுத் தமிழ்ல பேசுதிய. இடையில பேசுனா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டோம்" என்றார் ஜைனம்பு.

முதலில் சிரித்தது செல்வக்கனி அக்காதான். "இந்தப் பிள்ள என் கையப் புடிச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரும்கூட. சிரிப்பு அடங்கும்போது அக்கா மட்டும் நிறுத்தவில்லை. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"தொவைக்கல. தொவைச்சா அவிய வாசம் போயிரும்லா. அதான் மூடி வச்சிருக்கேன்" என்றார்.

ஜைனம்பு அதை மிருணாளுக்கும் டாக்டருக்கும் இந்தியில் சொன்னார்; என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. மிருணாள் ஒரு புதுத் தாளை அவர்முன் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா அந்தச் சாரத்தை வரைந்தார். பச்சைக் கட்டம் போட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பச்சைக் கிரேயான் தேய்ந்து தீர்ந்ததும், மற்றவர்கள் தங்கள் டப்பாவிலிருந்து பச்சையை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுத்தார்கள். கடைசிக் கட்டம் முடிய ஒரு மணி நேரமானது. முடித்துவிட்டுத் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "சாரத்தோட கர சரியா வரல" என்று சொல்லிவிட்டு, டீ கேட்டார்.

கிளம்பும்போது மிருணாள் என்னிடம், "அடுத்த முறையும் நீ வா. ஆனால் வரைவதற்கு வா" என்றாள். அதைவிட நாகரிகமாக யாரையும் வேலையைவிட்டு நீக்க முடியாது.

போனேன். இரண்டு வருடம் வரைந்தேன், ஜைனம்பு பக்கத்தில் உட்கார்ந்து. அந்த அவமானத்தில்தான் தமிழ் எழுதவும் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் லுங்கி என்று சொல்வதில்லை. மழை வந்தால் அப்பா, "மாடியில என் ஆன்மா காயறது, யாராவது எடுங்கோ" என்பார்.

மிருணாளும் அந்தப் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். போன வாரம் என் மொபைலுக்கு அவள் அழைத்தபோது அம்மா எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் போனை நீட்டினாள்.

"யாரோ திருநெல்வேலிக்காரி. ஒரு வார்த்தை புரியலை. என்ன சொல்றான்னு நீ கேட்டு எனக்குத் தமிழ்ல சொல்லு."