பிரிக்காத டயருக்கு வயதாகாது

பயன்படுத்தாத பொருளுக்கு வயதே ஆகாது என்று நம்பும் ஒரு மனித இனம் இருக்கிறது. அந்த இனத்து ஆளுக்கு நான் 'புதுசாவே-இருக்கு-காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். தெருவுக்கு ஒருவராவது தேறுவார். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் வீட்டுப் பொருள் எதையாவது காட்டி, இதை வாங்கி எத்தனை வருஷமாகிறது என்று கேளுங்கள். வருஷத்தைச் சொல்லமாட்டார். "ஒரு தடவைகூட எடுக்கல" என்பார். கேட்டது என்ன, சொல்வது என்ன? ஆனால் அவரைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில்.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் முதல் தரம். இத்தனைக்கும் அத்தான் மருந்துக்கடைக்காரர். கடையில் ஒரு டானிக் பாட்டில் தேதி தாண்டிவிட்டால் அன்றைக்கே அலமாரியை விட்டு இறங்கிவிடும். நேற்றோடுதானே முடிந்தது, பரவாயில்லை கொடுங்கள் என்று யாராவது கேட்டால், கேட்டவரை விஷம் கேட்டவர் போலப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது காலண்டரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

வீட்டில்தான் அந்தக் கார் இருக்கிறது. உருண்டை விளக்கும் பளபளக்கும் பம்பருமாக, பாலாடை நிறத்தில், அத்தான் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட கார். அக்கா அதை 'மூத்தாள்' என்று சொல்வாள். அது வீட்டுக்கு வந்தது கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்தான். ஆனால் மரியாதை எல்லாம் அதற்குத்தான் முதலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் அதைக் குளிப்பாட்டித் துடைத்து, பல் தேய்க்கும் பிரஷால் சக்கரத்து இடுக்கெல்லாம் தேய்த்து, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஷெட்டில் நிறுத்திப் போர்வை போர்த்திவிடுவார். பார்க்க வருகிறவர்களிடம் டயரின் வரிப்பள்ளத்தில் ஒரு நாணயத்தைச் செருகிக் காட்டுவார். பாதி நாணயம் உள்ளே போய்விடும். தேயவே இல்லையாம். எப்படித் தேயும்? தெருமுனையைத் தாண்டினால் அல்லவா தேயும்? பக்கச் சுவரில் குதிகால் வெடிப்பு மாதிரி கோடுகோடாக இருந்ததை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். பாலிஷ் எதற்கு இருக்கிறது?

இப்படி இருக்கையில் அத்தானின் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. பேரக்குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவது தன் காரில்தான் என்று அத்தான் அறிவித்தார். அறிவிப்புத்தான், யோசனை கேட்கவில்லை. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். டயரை மாற்றிவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றாள்.

அத்தான் மறுக்கவில்லை. ஆனால் கார் பிறந்தபோது அதன் காலில் என்ன வரி போட்ட டயர் இருந்ததோ, அதே வரிதான் வேண்டும் என்று கிளம்பிவிட்டார். இப்போது கடைகளில் கிடைப்பது எதையும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. ஊர் ஊராகப் போன் பேசினார். கடைசியில், எப்போதோ மூடிப்போன ஒரு கடையின் கிடங்கைக் காலி பண்ணுகிறவர்களிடம் ஐந்து டயர் அகப்பட்டது. அதே வரி. பழுப்புக் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. என்னை ஷெட்டுக்குக் கூட்டிப் போய், காகிதத்தின் ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கி, தூங்குகிற குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"எப்படி? புதுசாவே இருக்குல்ல?"

புதுசாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் காலை, நானும் அத்தானும் டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய் ஓயாத ஆள். பழைய டயரைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பி, அச்சாகியிருந்த நாலு எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு எண் வருஷத்தில் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் என்று விளக்கினார். கணக்குப் பார்த்தால் டயருக்குப் பதினொரு வயது. அத்தான் என்னைப் பெருமையோடு பார்த்தார். அதனால்தானே மாற்றுகிறோம் என்றார்.

பிறகு கடைக்காரர் புது டயரின் காகிதத்தைப் பிரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அதில் மூன்றே எண்தான் இருந்தது. நாலு எண் போடும் வழக்கம் இரண்டாயிரத்தில்தான் வந்தது, மூன்று எண் என்றால் அதற்கும் முந்தினது, எவ்வளவு முந்தினது என்று தனக்குத் தெரியாது என்றார்.

"சார், இப்பக் கழட்டினதுக்குப் பதினொரு வயசு. நீங்க மாட்டச் சொல்றது அதுக்கு அண்ணன். பெரியண்ணன்."

அத்தான் அசரவில்லை. வெயில் படாத, குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைத்திருந்தது என்றார். அவர் குரலில் இருமல் மருந்து பாட்டிலின் லேபிளே பேசியது. கடைக்காரர் மாட்டமாட்டேன் என்று கையை விரித்து, கழற்றினதையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அவருடைய சரக்கை விற்க வேண்டும், வேறு எப்படிச் சொல்வார் என்று அத்தான் வெளியே வந்து எனக்கு விளக்கினார். அடுத்த தெருவில் இன்னொரு கடை. அங்கே இருந்தவருக்கு உலகத்தில் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கிடையாது. காதில் போனை இடுக்கிக்கொண்டே நாலையும் மாட்டினார், ஐந்தாவதை டிக்கியில் போட்டார்.

வீட்டில் அக்கா என்னிடம் விசாரித்தாள். மூன்று எண் கதையைச் சொன்னேன். அத்தானிடம் போனாள்.

"கடையில சீல் உடைக்காத பாட்டிலைத் தூக்கிப் போடுறீங்களே, அது ஏன்?"

"மருந்து உள்ளுக்குப் போறது. டயர் ரோட்டுல போறது."

அக்கா உள்ளே போனாள். புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். நாளைக்குக் குழந்தையை ஏற்றுவதற்கு முன்னால் இன்றைக்கு நாம் போய்ப் பார்ப்போம், தெருவில் இல்லை, பெரிய ரோட்டில், எல்லோரும் போகிற வேகத்தில் என்றாள். எடைக்கு நான் பின்சீட்டில்.

கார் நன்றாகத்தான் போயிற்று. ஊர் எல்லை தாண்டியதும் அத்தான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போவதைக் கவனித்தாயா என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். கவனித்தேன். எனக்குக் கீழே யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்பதையும் கவனித்தேன். முதலில் விருந்தாளி தட்டுவதுபோல் இருந்தது. பிறகு போலீஸ் தட்டுவதுபோல் ஆயிற்று. ரோடு சரியில்லை என்றார் அத்தான். ரோடு நல்லாத்தான் இருக்கு என்றாள் அக்கா. அவள் சொல்லி முடிக்கவும் படாரென்று ஒரு சத்தம். காரின் பின்பக்கம் இடுப்பை ஆட்டிக்கொண்டு பக்கத்துப் பாதைக்குப் போயிற்று. அங்கே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பிரேக்கைத் தொடவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக் காரை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். லாரி ஹாரனை அமுக்கியபடியே எங்களை உரசினாற்போல் போயிற்று. மூன்று பேரும் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தோம்.

பின்பக்க இடது டயரின் மேல்தோல் முழுசாக உரிந்து போயிருந்தது. போகிற போக்கில் மட்கார்டை அடித்துக் கிழித்து, பாலாடை வண்ணத்தையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. அத்தான் குனிந்து மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா ரோட்டோரமாகப் பின்னால் நடந்து போய், கிடந்த ரப்பர் பட்டையை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குப் பிள்ளையை என் மடியில வச்சு இதுலதான் ஏறியிருப்பேன்."

அத்தான் தடவுவதை நிறுத்தினார். டிக்கியைத் திறக்கப் போனார். அதில் இருக்கும் ஐந்தாவது டயர் யாருடைய தம்பி என்பது கைப்பிடியைத் தொட்டதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, நாளைக்கு டாக்சிக்குச் சொல்லிவிடு என்றார் என்னிடம். கார் இழுவை வண்டியில் வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் டாக்சி வந்து நின்றது. மகள் குழந்தையோடு நிற்கிறாள், அக்கா பையோடு நிற்கிறாள். அத்தானைக் காணோம். பார்த்தால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாக்சியின் பின்சக்கரத்தருகே முழங்காலிட்டு, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் டிரைவர்.

"பிறந்த தேதி."

"குழந்தைக்கா?"

"டயருக்கு."

நாலு சக்கரமும் பார்த்து முடித்து, வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறையோடு எழுந்து, அப்புறம்தான் மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். மூத்தாளுக்கும் இப்போது இந்த வருஷத்து டயர்தான். வரி வேறு, பரவாயில்லை என்கிறார்.

திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் ஒரு பெட்டியை எடுக்க அவர் வீட்டுப் பரணில் ஏறினேன். மிச்சமிருந்த நாலு டயரும் பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, வரிசையாக இருந்தன. ஏன் அத்தான் என்று கேட்டேன். ஒரு நாள்கூட முழுசாக ஓடவில்லையே என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம் பழைய கார் இல்லை. ஆனால் அலமாரியின் மேல்தட்டில், அட்டைப்பெட்டிக்குள், மெல்லிய தாள் சுற்றி, ஒரு நல்ல நாளுக்கென்று பல வருஷமாக ஒரு ஜோடி ஷூ வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிற அன்றைக்கு ரொம்ப தூரம் போகாதீர்கள். அடிப்பாகம் கழன்று வந்தால் வெறுங்காலோடு திரும்பி வர முடிகிற தூரத்துக்குள் இருங்கள்.