தாய் மெஸ்

கங்கம்மா ஊற்றிய ரசத்தை ஒரு வாய் குடித்ததும் அந்தப் புது ஆளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விக்கல் வேறு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டிருந்த 2009. 'தாய் மெஸ்'ஸுக்கு மதியம் எட்டுப் பேர் வந்தாலே பெரிது. அதில் ஒருவர் அழுதால் எப்படி?

"இன்னா பாய், காரம் ஜாஸ்தியா பூட்ச்சா?" என்றாள், கருவாடு போட வந்திருந்த பழவேற்காட்டு ரஃபியிடம்.

ரஃபி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். "யக்கா, இவரு தாய்லாந்துக்காரரு. போர்டுல இங்கிலீஷ்ல 'Thai'னு எழுதி வச்சிக்கீற இல்ல? அவுங்க ஊரு ஓட்டல்னு வந்துட்டாரு."

"ஐயோ, அம்மான்னு நெனச்சில்ல வச்சேன்!"

"நான் பாங்காக்ல நாலு வருசம் இருந்தவன். சந்துக்குள்ள ஒரு சின்ன கடைலதான் தெனம் சாப்பாடு. மூஞ்சப் பாத்தாலே சொல்லிடுவேன்."

அவரையே கேட்கலாமென்றால் கங்கம்மாவுக்குத் தமிழை விட்டால் கொஞ்சம் தெலுங்கு. அந்த மனிதரோ ரஃபி தாய்லாந்து பாஷையில் கேட்டதற்கும் சிரித்துத் தலையாட்டினார். அவள் மகன் சின்னதுரையும் குவைத்தில் எவன் கடையிலோ இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருப்பான். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அவுங்க ஊர்ல இன்னா போடுவாங்க, சொல்லு பாய்."

"எல்லாத்துலயும் சக்கர."

மறுநாள் சாம்பாரில் இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்தது. கண்ணீர் நின்றது, அவர் முகம்தான் தொங்கிப்போனது.

"மீன் தண்ணி இல்லாம எப்டிக்கா?" என்றார் ரஃபி.

கருவாடு ஊறிய தண்ணீரை முட்டைக்கோஸ் பொரியலில் தெளித்தாள். லேத் மெஷின் முனுசாமி இலையை மூடிவிட்டு எழுந்தான்.

"யக்கா, சாம்பாரு பாயசமா கீது, பொரியல் கடலா கீது. நான் வர்ல."

அவனோடு மூன்று பேர் போனார்கள். ரஃபி அசரவில்லை. ரசத்தில் தேங்காய்ப்பால் சேர்க்கச் சொன்னார். பிறகு துளசி. பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கங்கம்மா மீன் குழம்பில் ஒரு கைப்பிடி துளசியைக் கிள்ளிப் போட்டாள். அன்றோடு மீதிப் பேரும் நின்றார்கள்.

தீபாவளிக்குள் மெஸ்ஸில் அந்த ஒருவர்தான் மிச்சம். மற்றவர்கள் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள்; அவருக்கு அந்தச் சாலையில் வேறு சாப்பாட்டுக் கடை இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். ஊர் நினைப்பு வந்துவிட்டது பாவம் என்று அவள் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். கடை படுத்தாலும் ஒரு பிள்ளை வயிறு நிறைகிறதே என்று அதிலொரு ஆறுதல்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. நான்கு நாள் குழம்பு சாக்கடைக்குப் போனது.

ஐந்தாம் நாள் அவருடைய கம்பெனி வேன் டிரைவர் ஸ்டீவன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தான். கங்கம்மா சொம்போடு ஓடினாள்.

"நைனா, அந்த தாய்லாந்து சாரு எங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

ஸ்டீவன் தண்ணீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"தாய்லாந்தா? அவரு மணிப்பூருக்கா, நம்ம நாடுதான். தமிழ்நாட்டுச் சாப்பாடே இப்டித்தான்னா இங்க காலந்தள்ள முடியாதுன்னு வேலைய உட்டுட்டு ஊருக்கே பூட்டாரு."