அகராதியின் மூலையில் ஒரு பொட்டு

எனக்கு மீசை இல்லை. போன ஞாயிறு வரை இருந்தது. நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் யாரும் கேள்வி கேட்காதீர்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. முகம் பார்த்துப் பேசுவதற்காக மகள் வாங்கி வைத்தது. நான் அதில் சீட்டு விளையாடினேன். தனி ஆள் ஆட்டம். யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரே ஒரு நாள் தவிர. வெளியூர் போய்த் திரும்பிய என் மனைவி, பேருந்து நிலையத்தில் இரண்டு பைகளோடு ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றாள். ஸ்கூட்டரில் போய் அழைத்துவர வேண்டியவன் நான். ஆட்டம் முடிகிற நேரம். போனை வேறு ஊமையாக்கி வைத்திருந்தேன்.

அடுத்து வந்த ஞாயிறு பஞ்சாயத்து. திரையில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா. நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். மனைவி பார்க்கவில்லை. தும்மிக்கொண்டிருந்தாள்.

"இனி சீட்டைத் தொட்டா மீசையை எடுத்துடறேன்" என்றேன். நாற்பது வருட மீசை. என் முகத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

சத்தியம் பதினோரு நாள் தாங்கியது.

நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவன். மருந்துக் கடையில் வளையல் கடைப் பலகையை மாட்டினால் மாத்திரை கேட்டு எவனும் வரமாட்டான். திரையிலும் அதே நியாயம்தானே? உள்ளே இருக்கிற செயலிதான் கடை. வெளியே நிற்கிற ஐகான்தான் பலகை. சீட்டாட்டத்தின் மேல் சுட்டியை வைத்து அதன் வலது பொத்தானை அழுத்தினேன். 'ஐகானை மாற்று' என்று அதுவே வழி காட்டியது. கெட்டுப்போக வழி காட்டுவதில் கணினியை மிஞ்ச ஆளில்லை.

அதில் இருந்த படங்கள் பிடிக்கவில்லை. நானே வரைந்தேன். நீல அட்டை போட்ட தடிப் புத்தகம். முதுகில் மஞ்சள் பட்டை. அடியில் பெயர்: அகராதி. எங்கள் வீட்டில் அதை யார் திறக்கப் போகிறார்கள்?

"என்னங்க, மூணு நாளா அகராதியே கதின்னு உக்காந்திருக்கீங்க?"

"வார்த்தை தேடறேன்."

"கல்யாணமான நாள்ல இருந்து நீங்க பேசினதைச் சேர்த்தாலே ஒரு பக்கம் தேறாது. இப்ப எதுக்கு?"

"இனிமே பேசலாம்னு."

"அடேங்கப்பா! இன்னிக்கு என்ன வார்த்தை பாத்தீங்க?"

மாட்டினேன். மூளைக்குள் இஸ்பேடு ராணி மட்டும் நின்றாள்.

"அரசி."

"அப்படின்னா?"

"நீதான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கூசியது. கூச்சத்தோடு இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினேன்.

மறுநாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே வந்தாள். அகராதியையே உற்றுப் பார்த்தாள்.

"படம் அழகா இருக்குங்க. யாரு போட்டது?"

"கம்பெனிக்காரன்."

"தேர்ந்த கை" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அறிவுகெட்டவன்.

ஞாயிறு காலை. மகளோடு பேச்சு எப்போதும் சாயங்காலம்தான். கடைக்குப் போவதாகச் சொல்லி மனைவி செருப்பை மாட்டினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பனியனோடு உட்கார்ந்தேன். விரல்களை நெட்டி முறித்தேன். அகராதியை இரண்டு தட்டுத் தட்டினேன்.

சீட்டு வரவில்லை. சம்பந்தி வந்தார். பக்கத்தில் சம்பந்தியம்மா. அடுத்த கட்டத்தில் மகளும் மாப்பிள்ளையும். இன்னொரு கட்டத்தில் என் மனைவி. கையில் போனோடு எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க சம்பந்தி! வார்த்தை எதுவும் கிடைச்சுதா?" என்றார் சம்பந்தி.

பனியனைக் கையால் மறைத்தேன். அணைக்கிற பொத்தான் எங்கே என்பது மறந்துபோயிற்று.

"யாரோ... மாத்தி வச்சிருக்காங்க."

"நான்தான்" என்றாள் மனைவி. "ஐகான் மாத்தறது உங்களுக்கு மட்டும்தான் வருமா? சீட்டை ஒளிச்சு வச்சுட்டு, உங்க பலகையை நாம முகம் பாத்துப் பேசற செயலிக்கு மாட்டிட்டேன். எல்லாரும் அரை மணியா காத்திருக்காங்க."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"படத்தோட மூலையைப் பாருங்க."

பார்த்தேன். புத்தகத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. நான் எழுதிய ஒவ்வொரு பலகையிலும் கையெழுத்துக்குப் பதில் வைக்கிற பொட்டு. இதிலும் வைத்திருக்கிறேன். கை தானாக வைத்திருக்கிறது. நுணல் வாயால் கெட்டது. நான் பொட்டால் கெட்டேன்.

"நாற்பது வருஷம் உங்களுக்குப் பெயிண்ட் கலக்கிக் குடுத்தவ நான். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா மழையில நின்னாங்கப்பா" என்றாள்.

எழுந்து போய் மழித்தேன். மேலுதடு தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. மனைவி ஒரு படம் எடுத்தாள். எதற்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

திங்கட்கிழமை சீட்டாட்டம் திரைக்குத் திரும்பியிருந்தது. பெயர் பழையபடி சீட்டாட்டம்தான். ஐகான் புதிது. மீசையில்லாத என் முகம். மூலையில் சிவப்புப் பொட்டு.

அதைத் தட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு இல்லை. தினமும் தட்டுகிறாள். நாலே நாளில் என்னைவிட நன்றாக ஆடுகிறாள்.

நேற்று நான் வெளியூர் போய்த் திரும்பினேன். ஸ்கூட்டரோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அவள் போன் ஊமை.