வலம் வராத காத்தாடிகள்

எட்டு முக்கோணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு காத்தாடிக் கட்டம் தைக்க வீராயிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. வேண்டியது நானூறு கட்டம். வெள்ளிக்கிழமைக்குள்.

அன்று திங்கள். பரணிதரன் பி.இ. மெக்கானிக்கல் மூளையால் கணக்குப் போட்டான். ஐந்து பெண்கள், ஐந்து மெஷின், எட்டு நாள். இருந்தது நாலு நாள்.

கோயம்புத்தூர் விடுதி ஒன்றுக்குப் பத்துக் கட்டில் விரிப்புகள். மாதிரி என்று வந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் ஆர்டர் கொடுத்த விடுதிப் பெண் சுவாதி, சிவப்பும் வெள்ளையுமான கட்டத்தை ஒரு கையால் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அரியலூருக்கு வெளியே இருந்த அந்தத் தையல் ஷெட் பரணிதரனின் மாமனார் தர்மராஜுடையது. "இந்த ஆர்டரும் போச்சுன்னா கோழிப்பண்ணை வெச்சிடுவேன் மாப்ள. கோழியாச்சும் முட்டை போடும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

பரணிதரன் யூடியூப் பார்த்துவிட்டு வந்தான்.

"இனிமே யாரும் முக்கோணம் வெட்டக் கூடாது."

"அப்ப முக்கோணம் எங்கேருந்து சார் வரும்?" என்றாள் செங்கமலம்.

"ரெண்டு சதுரத்தை ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. குறுக்க ஒரு கோடு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தையல். கோட்டுல வெட்டிப் பிரிங்க. அவ்வளவுதான்."

பிரித்தார்கள். முக்கோணம் முக்கோணமாக ஒட்டியே வந்தது.

"அட! படிச்ச படிப்பு வீணாப் போகல!" என்றாள் செங்கமலம்.

வேலை பறந்தது. செவ்வாய் மாலைக்குள் பாதிக்கு மேல் முடிந்தது. அப்போதுதான் பரணிதரன் கட்டத்தையும் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"என்னக்கா இது? போட்டோவுல காத்தாடி இடப்பக்கமா சுத்துது. நீங்க வலப்பக்கமா சுத்த விட்டிருக்கீங்க?"

"தெரிஞ்சுதான் வெச்சோம்" என்றாள் வீராயி. "இடமாச் சுத்துறது ஆகாது சார். கல்லங்குறிச்சி பெருமாளை நீங்க எந்தப் பக்கமா சுத்துவீங்க?"

"இது பெட்ஷீட்டுக்கா!"

"அது மேலதான சார் புதுசா கல்யாணம் ஆனதுங்க படுக்கும்?"

பரணிதரன் ஒரு கட்டத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"சரி, எல்லாத்தையும் அப்படியே திருப்பிப் போட்டா? இடப்பக்கமாத் தெரியும்ல?"

"தெரியும். தையலும் தெரியும்" என்றாள் செங்கமலம். "நைட்டியைத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போன மாதிரி இருக்கும்."

"அப்ப பிரிங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மூடநம்பிக்கைக்கு என் ஷெட்டுல எடம் கெடையாது."

"ஒங்க ஷெட்டா?" என்றாள் வீராயி. பரணிதரனுக்குக் காது கேட்கவில்லை.

புதன் காலை பிரித்து முடித்தார்கள். குறுக்கே இழுபட்ட துணி தான் சதுரம் என்பதையே மறந்திருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாவட்டத்தின் வரைபடம்.

"கஞ்சி போடுங்க. வெறப்பா நிக்கும்" என்றான்.

நின்றது. வெயிலில் காய்ந்து அப்பளமாக நின்றது. தைக்கப் போனால் ஊசி ஒடிந்தது. ஏழாவது ஊசியோடு செங்கமலம் மெஷினை விட்டு எழுந்துவிட்டாள்.

"அப்ப தண்ணியில போட்டுக் கஞ்சியை எடுங்க."

எடுத்தார்கள். கஞ்சியோடு சிவப்பும் வந்தது. வெள்ளை எல்லாம் ரோஸ் ஆனது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் வீராயி. "குருவி ரொட்டி கலர்."

வெள்ளைத் துணி வேண்டும், உடனே. வழக்கமான கடை பூட்டியிருந்தது. முதலாளி வீட்டுக் கல்யாணமாம். பரணிதரன் வீட்டுக்குப் போனான். மாமனார் பீரோவில் மடிப்புக் கலையாத வேட்டிகள் இருந்தன. திரும்பி வந்தபோது அவன் கக்கத்தில் ஒன்பது வேட்டி.

பெண்கள் கத்தரியைத் தொடவில்லை. அவனே வெட்டினான்.

"கரையை விட்டு வெட்டுங்க சார்" என்றாள் செங்கமலம். "அவரு கோமணத்துக்காச்சும் ஆகும்."

புது வெள்ளை, ஷெட்டில் மீதமிருந்த புதுச் சிவப்பு. புதன் ராத்திரியும் வியாழன் முழுக்கவும் விடிய விடிய மெஷின்கள் ஓடின. ஒவ்வொரு காத்தாடியையும் இணைக்கும் முன் பரணிதரன் போட்டோவோடு ஒத்துப் பார்த்தான். வீராயி மட்டும் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து விரிப்பும் தயார். நானூறு காத்தாடிகளும் ஒரே சீராக இடப்பக்கம் சுற்றின. தர்மராஜ் வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பழைய லுங்கியில் இருந்தார். கோழிக்கூண்டு செய்கிற ஆளையும் கூடவே கூட்டி வந்திருந்தார்.

சுவாதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதல் விரிப்பை விரித்தாள்.

"தையல் பிரமாதம் சார்! முனையெல்லாம் கரெக்டா சேருது."

பரணிதரன் மாமனாரை நிமிர்ந்து பார்த்தான்.

சுவாதி இரண்டாவதை விரித்தாள். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. பைக்குள் கைவிட்டு மாதிரித் துண்டை எடுத்து விரிப்பின் மேல் வைத்தாள். அதில் காத்தாடி வலப்பக்கம் சுற்றியது.

"எல்லாமே எதிர்ப்பக்கமா இருக்கே சார்!"

"நீங்க அனுப்பின போட்டோவுல இப்படித்தாங்க இருக்கு!" பரணிதரன் போனை நீட்டினான்.

வீராயி எட்டிப் பார்த்தாள். சுவாதி பார்த்தாள். கை தானாக மூக்கின் வலப்பக்கம் போனது.

"ஐயோ சார், இது நான் எடுத்த செல்ஃபி. என் போன்ல இடம் வலம் மாறித்தான் விழும், மூக்குத்தியே எதிர்ப்பக்கம் இருக்கு பாருங்க!"